பதினாலு அடி

பதிவேட்டில் சந்தை ரோட்டின் அகலம் நாற்பது அடி.
விடியற்காலை, மீன் லாரி வருமுன்,
சாயக்கடைச் சுவரோரம் அடுப்பை ஒட்டி
தாசையன் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொள்ள
நான் எதிர்ப்பக்கம் நடந்தேன்.
இருபத்தாறில் ஒரு பைக் முட்டியது.

"மழையில நாடா சுருங்கியிருக்கும் சாரே."
மறுபடி பிடித்தோம்.
இருபத்தாறு.

மீதி எங்கே என்று
வியாழனுக்குள் எழுதித் தரச் சொன்னார் செயல் அலுவலர்.
எழுதினேன்.

பீர்க்கண்ணு துணிக்கடைப் படி: நாலு அடி.
தார்மேல் தார் ஊற்றி ரோட்டை உயர்த்தியவர்கள் நாங்கள்,
வெள்ளம் உள்ளே ஏறாதிருக்கப் படி கட்டியவர் அவர்.
இதையும் எழுதினேன்,
பிறகு அடித்துவிட்டேன்.

ஏத்தங்குலை தொங்கும் கம்பு: இரண்டு.

லலிதாம்பிகையின் அடுப்பு, பால்கேன்,
தம்ளரோடு நிற்கும் ஆட்கள்: மூன்று.
"நிக்கியவங்களையும் அளப்பியளோ?"
நகராதது எல்லாமே கணக்கில் வரும் என்றேன்.
யாரும் நகரவில்லை. எனக்கும் ஒரு சாயா வந்தது.

மீதி ஐந்து, பைக்குகள்.
இந்தப் பக்கம் இரண்டரை, அந்தப் பக்கம் இரண்டரை.
களியக்காவிளையில் வண்டியை விட்டுவிட்டு
முதல் கேரளா பஸ்ஸில் திருவனந்தபுரம் போய்
இருட்டிய பிறகு திரும்புகிறவர்களுடையவை.
ஒன்று மட்டும் போகாமல் அங்கேயே நிற்கும்.
அது என்னுடையது.

படியை இடிக்க நீதிமன்றம் வேண்டும்.
பைக்கை நகர்த்த ஒரு பலகை போதும்.
ஒற்றை நாள் மேற்கே, இரட்டை நாள் கிழக்கே.
மஞ்சளில் எழுதி நட்டோம்.

முதல் நாளே பலகைக்குக் கீழே கூட்டம்.
"ஒற்றைன்னா ஏது கணக்கு சாரே?
இன்னைக்கு அக்டோபர் இருபத்தேழு.
கடைக் காலண்டர்ல துலாம் பத்து."
பாதிப்பேர் மேற்கே விட்டார்கள்,
பாதிப்பேர் கிழக்கே.
நடுவில் ஒரு பஸ்
ஹாரனை அழுத்தியபடியே அழுதது.
"இங்கிலீஷ் தேதி" என்று சிவப்பில் சேர்த்தோம்.

மறுநாள் இரண்டரை அடி திரும்பி வந்தது.

இரண்டரை அடியால் பஸ் வேகமாய்ப் போகவில்லை.
ஆனால் சாளைக் கூடையைத் தலையில் ஏற்றிய கிளாரம்மா
ஓடைக் கல்லில் கால் வைக்காமல்,
தோளை ஒருச்சாய்க்காமல்,
நேராக நடந்து சந்தைக்குள் போனாள்.
போனபிறகு நின்று, திரும்பி,
வந்த வழியை ஒருமுறை பார்த்தாள்.
என்ன குறைகிறது என்று தெரியாதவள் போல.

முப்பத்தொன்று, மேற்கே.
அடுத்த நாள் ஒன்றாம் தேதி, அதுவும் ஒற்றை.
பீர்க்கண்ணு வந்தார்.
கையில் மனு இல்லை, காலண்டர் இருந்தது.
"மாசக் கடைசி முப்பத்தொண்ணு வந்தா
ரெண்டு நாளும் எனக்க கடை வாசல்லதான்.
வருசத்துக்கு ஏழு வாட்டி.
எண்ணிப் பார்த்தாச்சு.
லீப் வருசம் ஒண்ணு கூட."

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
கோப்பில் அதற்கொரு பதில் கிடையாது.
முப்பத்தொன்றைக் கண்டுபிடித்தவனுக்கு
எந்த முகவரியில் நோட்டீஸ் அனுப்புவது?
"நியாயம்தான்" என்றேன்.
என் உத்தியோகத்தில் அந்தச் சொல்லை
அதற்குமுன் நான் வாய்விட்டுச் சொன்ன ஞாபகம் இல்லை.

அன்று மதியம் என் வண்டியை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு
குடையோடு நடந்து வந்தேன்.
ஒரு வண்டி குறைந்தால் மாறப்போவது ஒன்றுமில்லை.
ஆனாலும் துணிக்கடைக்கு முன் அந்த வரிசையில்
பல் விழுந்த இடம்போல் ஓர் இடைவெளி தெரிந்தது.

அறிக்கையை முடித்தேன்:
மீட்டது இரண்டரை.
மீதி பதினொன்றரை, நடவடிக்கையில்.

சாயங்காலம் அந்த வழியே வந்தபோது
இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
பீர்க்கண்ணு உட்கார்ந்து
போகிற வருகிற பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தார்.
என்னைக் கண்டதும் எழுந்து
இன்னொரு நாற்காலி எடுக்க உள்ளே போனார்.

நாடா பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.